பழைய லென்சுக்குப் புது மவுசு!

சோவியத் யூனியன் என்ற நாடு 1991-ல் மறைந்தது. கிழக்கு ஜெர்மனி அதற்கு ஓராண்டு முன்பே, 1990-ல், தேசப்படத்திலிருந்து அகன்றுவிட்டது. கொடி போயிற்று. நாணயம் போயிற்று. அந்த நாடுகளின் தொழிற்சாலைகளில் செய்த காமிரா லென்சுகள் மட்டும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அதுவும் எங்கே? புத்தம் புதிய டிஜிட்டல் காமிராவின் முகப்பில்!

விஷயம் சிறிது விசித்திரமானதுதான். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்துக் காமிரா வாங்குகிறவர், அதற்கென்று அந்தக் கம்பெனியே செய்த லென்சை விட்டுவிட்டு, தாத்தா காலத்து லென்சைத் தேடி அலைகிறார். அந்த லென்சில் மின்சாரம் கிடையாது. தானாகப் போகஸ் செய்யும் யந்திரம் கிடையாது. எல்லாவற்றையும் கையால் திருப்பியாக வேண்டும். ஆயினும் உலகின் பல நாடுகளில் இந்தப் பழக்கம் பரவியிருக்கிறது. சீந்துவாரற்றுக் கிடந்த லென்சுகளுக்கு விலை ஏறியிருக்கிறது. பழைய லென்சையும் புதுக் காமிராவையும் இணைக்கும் அடாப்டர் என்ற உலோக வளையத்தைச் செய்து விற்பது சீனாவில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

இதை வெறும் பழம்பொருள் மோகம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கு அது எத்தனை காலம் பயன்படும், அதை முடிவு செய்வது யார் என்ற கேள்வி இதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஜெனாவிலிருந்து மாஸ்கோவுக்கு

இந்தக் கூட்டத்தில் அதிகம் பேசப்படும் லென்சின் பெயர் ஹீலியோஸ்-44. மாஸ்கோவை அடுத்த கிராஸ்னோகோர்ஸ்க் நகரத் தொழிற்சாலையில் 1950-களின் பிற்பகுதியில் பிறந்தது. பின்னால் வேறு தொழிற்சாலைகளும் அதைச் செய்தன. ‘ஜெனித்’ என்ற ருஷ்யக் காமிராவை வாங்கினால் கூடவே இந்த லென்சும் வரும். பல லட்சக்கணக்கில் வெளிவந்ததால் அதற்கு அன்று பெரிய மதிப்பில்லை.

ஆனால் அதன் பூர்வீகம் ருஷ்யா அல்ல. ஜெர்மனியில் ஜெனா நகரத்துக் கார்ல் ஜெய்ஸ் கம்பெனி, இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்பே செய்த ‘பயோட்டார்’ லென்ஸ்தான் அதற்கு மூலம். 1945-ல் ஜெனாவுக்குள் முதலில் நுழைந்தது அமெரிக்கப் படை. கம்பெனியின் முக்கிய நிபுணர்களை அது மேற்கே அழைத்துச் சென்றது. ஜூலை மாதத்தில் ஊர் ருஷ்யர் கைக்கு மாறியது. யந்திரங்கள் கழற்றப்பட்டு ருஷ்யாவுக்குப் போயின. 1946-ல் மிச்சமிருந்த நிபுணர்கள் பலரும் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பயோட்டாரின் அதே 58 மில்லிமீட்டர் குவிய தூரம், அதே எஃப் 2 துவாரம், நான்கு தொகுதிகளாக ஆறு வில்லைகள் என்ற அதே அமைப்புடன் ஹீலியோஸ் உருவாயிற்று. தோற்றவன் வீட்டுச் சொத்து ஜெயித்தவன் வீட்டில் வேறு பெயரில் வளர்ந்தது.

கண்ணாடி போனதால் வழி பிறந்தது

இத்தனை காலம் மூலையில் கிடந்த லென்சுக்கு இப்போது மட்டும் எப்படி யோகம் வந்தது? அதற்குக் காமிராவின் வயிற்றுக்குள் சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

வீட்டு மின்விளக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்றைச் செருகித் திருப்ப வேண்டும். மற்றொன்றைத் திருகி ஏற்ற வேண்டும். ஒன்றின் ஹோல்டரில் மற்றது ஏறாது. லென்சும் அப்படித்தான். அது காமிராவில் போய் உட்காரும் இடத்துக்கு மவுண்ட் என்று பெயர். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மவுண்ட். இந்தச் சிக்கலை மட்டும் ஒரு சாதாரண லேத் பட்டறையிலேயே தீர்த்துவிடலாம். ஒரு பக்கம் இந்த வாய், மறுபக்கம் அந்த வாய் என்று ஒரு வளையத்தைக் கடைந்தால் போதும்.

தீராத சிக்கல் வேறொன்று. மவுண்டுக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் ஒவ்வொரு காமிராவிலும் ஒரு கணக்கு. நிகான் 1959-ல் வகுத்த கணக்கு 46.5 மில்லிமீட்டர். கிழக்கு ஜெர்மனியில் 1949-ல் வந்து, பிறகு ஜப்பானும் ருஷ்யாவும் எடுத்துக்கொண்ட ‘எம் 42’ என்ற திருகு மவுண்டுக்கு 45.46. லென்ஸ் இந்தத் தூரத்தைவிடத் தள்ளி உட்கார்ந்தால், கிட்டத்துப் பூ தெரியும். தூரத்து மலை தெளியவே தெளியாது. அதாவது, பழைய லென்சின் தூரத்தைவிடப் புதுக் காமிராவின் தூரம் குறைவாக இருந்தால்தான் நடுவில் வளையம் வைக்க இடம் கிடைக்கும்.

எஸ்.எல்.ஆர். என்று வழங்கிய காமிராக்களில் இந்தத் தூரம் குறையவே வழியில்லை. லென்சுக்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று சாய்ந்து நிற்கும். எதிரே உள்ள காட்சியைப் படம் பிடிப்பவரின் கண்ணுக்கு ஏற்றி அனுப்புவது அதுதான். பட்டனை அழுத்தினால் அது மேலே எழும்பி வழிவிடும். அப்படி எழும்புவதற்கு இடம் வேண்டாமா? அதனால்தான் பெரும்பாலான கம்பெனிகள் 40 மில்லிமீட்டருக்கு மேலேயே நின்றன.

2008-ல் பானாசோனிக் கம்பெனி ஜி1 என்ற காமிராவை வெளியிட்டது. அதில் அந்தக் கண்ணாடி இல்லை. சென்சாரில் விழும் காட்சியையே ஒரு சிறு திரையில் காட்டிவிட்டார்கள். தூரம் 19.25 மில்லிமீட்டராகச் சுருங்கியது. 2010-ல் சோனி 18 என்றது. 2018-ல் கானன் 20 என்றும், நிகான் 16 என்றும் புது மவுண்டுகளுடன் வந்தன. இவற்றுக்கே இன்று ‘மிர்ரர்லெஸ்’ என்று பெயர்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிகானின் பழைய 46.5-லிருந்து சோனியின் 18 போனால் மிச்சம் 28.5 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு குழாயைச் செய்து நடுவில் வைத்தால் காரியம் முடிந்தது. குழாய்க்குள் என்ன இருக்க வேண்டும்? ஒன்றும் வேண்டாம். வெறும் காற்று! சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் இந்த ஓட்டைக் குழாய்தான் அரை நூற்றாண்டு லென்சுகளுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது. பழைய லென்சுக்காரர்கள் மேல் இரக்கப்பட்டு எந்தக் கம்பெனியும் கண்ணாடியை அகற்றவில்லை. காமிராவைச் சிறிதாக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். மற்றது தற்செயலாக வாய்த்த லாபம்.

முதலில் ஒரு குறை இருந்தது. பானாசோனிக்கின் சென்சார் சிறியது. பழைய 50 மில்லிமீட்டர் லென்சை மாட்டினால் காட்சியின் நடுப்பகுதி மட்டும் விழுந்து, 100 மில்லிமீட்டர் லென்ஸ்போல் அது குறுகிவிடும். 2013-ல் சோனி ஏ7 வந்தது. பிலிம் அளவுக்குச் சமமான, 36-க்கு 24 மில்லிமீட்டர் சென்சார் அதில் இருந்தது. பழைய லென்சுகள் தாம் பிறந்தபோது பார்த்த அதே அகலத்தை மீண்டும் பார்த்தது அதன் பிறகுதான்.

இரண்டு மில்லிமீட்டர் செய்த அநியாயம்

கானன் லென்சுகளின் கதையைச் சொல்லாவிட்டால் இதன் முழு அர்த்தம் விளங்காது.

1971-ல் கானன் ‘எஃப்.டி.’ என்ற மவுண்டைக் கொண்டுவந்தது. தூரம் 42 மில்லிமீட்டர். பத்திரிகைப் படக்காரர்களும் ஸ்டூடியோக்காரர்களும் அதை நம்பி லென்ஸ் லென்சாகச் சேர்த்தார்கள். 1987-ல் அதே கம்பெனி ‘இ.ஓ.எஸ்.’ காமிராவை இறக்கியது. அதன் மவுண்ட் புதியது. தூரம் 44 மில்லிமீட்டர். வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர்! ஆனால் அது தவறான திசையில் இருந்த இரண்டு மில்லிமீட்டர். காகிதம்போல் மெல்லிய வளையத்தை வைத்தாலும் பழைய லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிடத் தள்ளித்தான் உட்காரும். நடுவில் ஒரு வில்லையைப் புகுத்திச் சரிக்கட்டலாம். படத்தின் தரம் கெட்டுவிடும். பதினாறு வருஷமாகச் சேர்த்த லென்சுகள் ஒரே நாளில் எதிர்காலம் இல்லாதவை ஆயின.

கானன் செய்தது தொழில் ரீதியில் புத்திசாலித்தனம் என்பதில் சந்தேகமில்லை. புதிய மவுண்டில் எல்லாமே மின்சாரத் தொடர்பு. போகஸ் யந்திரம் லென்சுக்குள்ளேயே இருந்தது. அந்த மாற்றத்தால்தான் பிற்பாடு விளையாட்டுப் போட்டிகளின் படத்துறையைக் கானன் பிடித்தது. ஆனால் அந்த வெற்றிக்கான விலையில் ஒரு பங்கைக் கட்டியவர்கள் பழைய வாடிக்கைக்காரர்கள்.

அனாதையாய் நின்ற எஃப்.டி. லென்சுகள் மலிந்துபோயின. மிர்ரர்லெஸ் வந்த பிறகு 42-லிருந்து 18 போனால் 24 என்று கணக்குச் சரியாகவே, அவற்றுக்கு மீண்டும் ஆள் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவற்றை முதலில் மறுபடி வாழவைத்தது கானன் அல்ல, பானாசோனிக்கும் சோனியும்தான்.

கைவேலை எப்படி?

பழைய லென்சை மாட்டினால் காமிராவுக்கு அதன் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. ‘லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு’ என்று காமிராவுக்கு ஒரு முறை சொல்லிவைக்க வேண்டும். துவாரத்தை லென்சின் மேலுள்ள வளையத்தில் திருப்பி வைக்க வேண்டும். வெளிச்சத்தைக் காமிராவே அளந்துகொள்ளும். போகஸ் மட்டும் கையின் பொறுப்பு.

அதற்கும் பழைய காலத்தில் இல்லாத வசதிகள் உண்டு. தெளிவாக விழும் விளிம்புகளைத் திரையில் சிவப்பு அல்லது மஞ்சள் கோடாகக் காட்டும் ஏற்பாடு ஒன்று. கண்ணையோ எழுத்தையோ பல மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பது மற்றொன்று. கை நடுக்கத்தைத் தாங்க, சென்சாரையே அசைத்துச் சரிசெய்யும் காமிராக்களும் உண்டு. லென்சின் குவிய தூரத்தை மட்டும் நாமே எண்ணால் குறித்துவிட வேண்டும். 1960-ல் செய்த லென்சுக்கு நடுக்கத் தடுப்பு! அதைச் செய்தவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். 2016-ல் டெக்ஆர்ட் என்ற சீனக் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. யந்திரம் பொருத்திய வளையம் ஒன்றால், லைக்காவின் பழைய கைலென்சை முழுசாக முன்னும் பின்னும் நகர்த்தி, தானாகவே போகஸ் செய்யவைத்தது.

ஆனால் ஓடும் குழந்தையையும் பாயும் பந்தையும் இந்த லென்சில் பிடிப்பது கஷ்டம். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்துக்கு இதை நம்பிப் போகிறவர் துணிச்சல்காரர் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆன்மா என்று ஒரு பேச்சு

பழைய லென்சுக்கு ஆன்மா உண்டு, புதியதற்கு இல்லை என்று சிலர் உருகிப் பேசுகிறார்கள். விற்பவர்கள் இன்னும் அதிகமாக உருகுகிறார்கள். இதைக் கொஞ்சம் தள்ளியே கேட்க வேண்டும்.

ஹீலியோஸ் லென்சில் எடுத்த படத்தில், ஆளுக்குப் பின்னாலுள்ள மரத்தின் இலைகள் சுழல்போல் சுற்றி நிற்கும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது லென்சின் குறை. ஓரத்தில் சாய்ந்து வரும் ஒளியை லென்சின் கூடு ஒரு பக்கம் மறைப்பதாலும், ஓரங்களில் பிம்பம் சரியாகத் திருத்தப்படாததாலும் வருவது. அந்தக் குறையை ஒழிக்கத்தான் லென்ஸ் நிபுணர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். ஒழித்த பிறகு, அது இருந்தால் தேவலை என்று ஜனங்கள் கேட்கிறார்கள்!

என்றாலும் அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. டிஜிட்டல் சென்சாரும் புதிய லென்சும் சேர்ந்தால் முகத்தின் ஒவ்வொரு மயிர்த்துளையும் தெரிகிறது. சினிமாக்காரர்கள் இதற்கு அஞ்சுகிறார்கள். 2024-ல் வெளிவந்த ஹாலிவுட் படமான ‘டியூன்’ இரண்டாம் பாகத்தில், ஒளிப்பதிவாளர் கிரெக் பிரேசர் பழைய சோவியத் லென்சுகளை உபயோகித்தார். உக்ரைன் தலைநகர் கீவிலுள்ள அயர்ன்கிளாஸ் என்ற நிறுவனம் அவற்றைச் சினிமாவுக்கு ஏற்ற புதிய உலோகக் கூட்டில் பொருத்தித் தருகிறது. கோடிக்கணக்கான டாலர் செலவில் எடுக்கும் படத்துக்கு, ஒரு காலத்தில் சாமானியன் காமிராவோடு வந்த ரக லென்சுகள்.

எல்லாப் பழைய லென்சும் இப்படி யோகக்காரன் அல்ல. பிலிமுக்கு முன்னால் ஒன்றும் கிடையாது; சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு உண்டு. சாய்வாக ஒளியை அனுப்பும் பழைய அகல லென்சுகளில் அந்தத் தகட்டினால் படத்தின் ஓரம் குழம்பிவிடுகிறது. அந்த வகையில் புதிய லென்சை எதுவும் நெருங்காது. 50, 85, 135 மில்லிமீட்டர் போன்ற லென்சுகளே வாங்கத் தகுந்தவை.

வாங்கும்போது டார்ச் விளக்கைப் பின்பக்கமாக அடித்து உள்ளே பார்ப்பது அவசியம். நம் நாட்டின் ஈரக் காற்றில் பூஞ்சணம் சிலந்தி வலைபோல் படரும். வெகுநாள் இருந்தால் வில்லையின் பூச்சையே அரித்துவிடும். தோல் பெட்டியில் பூட்டி வைத்த லென்ஸ் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது தப்பு. தோல்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. துவாரத்தின் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடாப்டர் ஆடினால் எந்த நல்ல லென்சும் கெட்ட பெயர் வாங்கும்.

சில லென்சுகள் தேநீர்போல் மஞ்சளாக இருக்கும். ஜப்பானில் செய்த சூப்பர் டக்குமார் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸ் இதற்குப் பேர்போனது. ஒளியை நன்கு வளைக்க அதன் கண்ணாடியில் தோரியம் சேர்த்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் இருக்கிறதே, அதே தோரியம். அதன் கதிர்வீச்சே நாளடைவில் கண்ணாடியை மஞ்சளாக்குகிறது. சில நாட்கள் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். படம் எடுப்பதால் ஆபத்தில்லை. வில்லையை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது.

நாற்பது ஆண்டுக்குப் பிறகு?

இனித்தான் முக்கியமான விஷயம். 1960-ல் செய்த லென்ஸ் இன்று வேலை செய்கிறது. இன்று செய்யும் லென்ஸ் 2065-ல் வேலை செய்யுமா?

சாம்சங் கம்பெனி 2010-ல் என்.எக்ஸ். என்ற மிர்ரர்லெஸ் காமிராக்களைத் தொடங்கியது. நல்ல லென்சுகளைச் செய்தது. பத்தாண்டு முடிவதற்குள் கடையைக் கட்டிவிட்டது. நிகான் 2011-ல் ‘நிகான் 1’ என்ற சிறிய காமிராவைக் கொண்டுவந்து, 2018-ல் நிறுத்திவிட்டது. இந்த லென்சுகளில் துவாரத்தைத் திறப்பதும் மூடுவதும், போகஸ் செய்வதும் மின்சாரத்தின் வேலை. போகஸ் வளையம் இருந்தாலும் அது வில்லையை நேராக நகர்த்துவதில்லை. ‘நகர்த்து’ என்று உள்ளேயிருக்கும் மோட்டாருக்கு ஒரு விண்ணப்பம் போடுகிறது, அவ்வளவுதான். காமிரா பேசும் பாஷை தெரிந்தால் மோட்டார் கேட்கும். வேறு காமிராவில் ஓட்டைக் குழாயோடு மாட்டினால் லென்ஸ் ஊமையாகிவிடும். யாராவது அந்தப் பாஷையை உளவறிந்து மொழிபெயர்ப்பு யந்திரம் செய்தால்தான் உண்டு. ஆறு வில்லை ஹீலியோசுக்கு வாய்த்த மறுபிறவி, அதைவிட எவ்வளவோ உயர்ந்த இந்த லென்சுகளுக்கு எளிதில் வாய்க்காது.

நிகான் கம்பெனியிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. 1980-களிலும் 90-களிலும் அது விற்ற ஆட்டோபோகஸ் லென்சுகள் பலவற்றில் மோட்டார் கிடையாது. காமிராவிலுள்ள மோட்டார் ஒரு திருகின் மூலம் அவற்றைச் சுழற்றும். 2018-ல் தன் மிர்ரர்லெஸ் காமிராவுக்காக நிகானே செய்த அடாப்டரில் அந்த மோட்டாரை வைக்கவில்லை. ஆகவே அந்த லென்சுகளின் ஆட்டோபோகஸ் அதில் செத்துவிட்டது. ஆனால் லென்ஸ் சாகவில்லை. கையால் திருப்பும் வளையம் இருக்கிறதே! அவர்கள் பெருமையாக விளம்பரம் செய்த யந்திரம் போயிற்று. யாரும் விளம்பரம் செய்யாத பித்தளை மரை நின்றது.

மின்சார லென்ஸ் என்றாலே மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. கானன் 1987 முதல் செய்த இ.ஓ.எஸ். லென்சுகள், அதே கம்பெனியின் அடாப்டரோடு புதிய காமிராவில் ஆட்டோபோகசுடன் ஓடுகின்றன. கம்பெனிக்கு மனசு இருக்கும்வரை ஓடும். வாங்கியவரின் சொத்து கம்பெனியின் மனசில் தொங்குகிறது என்பதுதான் சங்கடம்.

அந்த மனசு எப்படியெல்லாம் மாறும் என்பதற்கு அண்மை நிகழ்ச்சிகளே சாட்சி. சோனி 2011-ல் தன் மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்றக் கம்பெனிகளுக்கு இலவசமாகவே திறந்துவிட்டது. அதனால் அந்தக் காமிராவுக்கு லென்சுகள் குவிந்தன. கானனோ 2022-ல், தன் புதிய மவுண்டுக்கு ஆட்டோபோகஸ் லென்ஸ் செய்த வில்ட்ராக்ஸ் என்ற சீனக் கம்பெனியை, தன் காப்புரிமையை மீறுவதாகச் சொல்லி விற்பனையை நிறுத்தச் செய்தது. 2024-ல் சிக்மா, டாம்ரான் என்ற இரண்டு ஜப்பானியக் கம்பெனிகளுக்கு, சிறிய சென்சார் காமிராக்களுக்கான லென்சுகளுக்கு, உரிமம் கொடுத்துக் கதவைக் கொஞ்சம் திறந்தது. கதவு யாருடையது என்பது சட்டப்படி தெளிவுதான். காமிராவை வாங்கியவரிடம் இதுபற்றி யாரும் கேட்கவில்லை.

வில்ட்ராக்சின் ஆட்டோபோகஸ் லென்சுகளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரு சிறு துளை தெரியும். யு.எஸ்.பி. கம்பியைச் செருகும் இடம் அது. காமிராக் கம்பெனி தன் மென்பொருளை மாற்றினால், லென்சும் கம்ப்யூட்டரில் மாட்டி புதிய பாஷை கற்றுக்கொள்ள வேண்டுமல்லவா? அதே சீனாவில் டிடிஆர்ட்டிசன், செவன் ஆர்ட்டிசன்ஸ் என்ற கம்பெனிகள் மின்தொடர்பே இல்லாத கைலென்சுகளையும் இன்று புத்தம் புதிதாகச் செய்து விற்கின்றன. அவற்றில் சில, லைக்கா 1954-ல் வகுத்த ‘எம்’ மவுண்டுக்கென்றே செய்தவை. அந்த மவுண்டின் தூரம் 27.8 மில்லிமீட்டர். சோனி, நிகான், கானன், பானாசோனிக் ஆகிய நான்கின் மிர்ரர்லெஸ் காமிராக்களிலும் அந்த லென்ஸ் ஒரு வளையத்தோடு ஏறிவிடும்.